தண்டவாளம் எடுத்த நிலம்: பூங்காவாக்குவதா, புல்லும் குழியுமாக விடுவதா?

நாஞ்சில் வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலின் விளிம்பில், எங்கள் தெருவுக்குப் பின்புறம், முன்பு சரக்குப் பெட்டிகளை ஒதுக்கி நிறுத்திய பக்கப்பாதையின் நிலம் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அளவில் கிடக்கிறது. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர்களையும் எடுத்துச் சென்று பல ஆண்டுகள் ஆகின்றன; ஜல்லி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் ரயில் ஓடுகிற பாதையின் மண்மேடு, மறுபக்கம் எங்கள் வீடுகளின் புறச்சுவர், இடையில் எருக்கும் ஆவாரையும் உன்னிச்செடியும். கீழ்க்கோடியில், மழைக்காலத்தில் நிறைந்து பங்குனி வரை நீர் நிற்கும் ஒரு நீண்ட குழி உள்ளது. கோழிக்கழிவு மூட்டைகளும் இடித்த கட்டடத்தின் இடிபாடுகளும் இரவோடு இரவாக அங்கே வந்து சேர்கின்றன.

நடைபாதை, புல்தரை, நீரூற்று, உடற்பயிற்சிக் கருவிகள் ஆகியவற்றைக் கேட்டு எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு மனுவை எழுதி வைத்திருக்கிறது. கையொப்பமிட வேண்டிய இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படியே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் நம்முடையது. இந்த நெருக்கடியில் எவரும் வீடு கட்டாத இரண்டு ஏக்கர் நிலம் இனியொரு முறை வாய்க்காது என்பதால், எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு கேட்க விரும்புகிறேன். அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழையாற்றங்கரை

மனுவில் தவறு எதையும் நான் காணவில்லை. உலகின் பெருநகரங்கள் செய்து காட்டியதைத்தான் சங்கத்தார் கேட்கிறார்கள். பாரிஸில் 1969-இல் மூடப்பட்ட பாஸ்தில் ரயில் பாதையின் மேல் நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தோட்டப் பாதை 1993-இல் திறக்கப்பட்டது. நியூயார்க்கின் ஹை லைன் 1980-இல் கடைசிச் சரக்கு ரயிலைக் கண்ட மேம்பாலப் பாதை. அதை இடித்துவிட வேண்டும் என்று நிலவுடைமையாளர்கள் நெருக்கியபோது, 1999-இல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்னும் இரு குடிமக்கள் ஓர் அமைப்பைத் தொடங்கிப் போராடி, 2009-இல் அதன் முதல் பகுதியைப் பூங்காவாகத் திறக்கச் செய்தார்கள். இன்று 2.33 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பூங்காவைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் செல்கிறார்கள். மக்கள் நடமாட்டம் வந்துவிட்டால் கோழிக்கழிவு மூட்டை தானாக நின்றுவிடும்.

குளத்துக்கொக்கு

பழையாற்றங்கரை அண்ணன் சொன்ன ஹை லைன் கதையில் பாதி விடுபட்டிருக்கிறது. ரயில் நின்ற அந்த இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் எவரும் நடாமலேயே அங்கே செடிகள் முளைத்திருந்தன. பூங்காவாவதற்கு முன் கணக்கெடுத்த தாவரவியலாளர் ஒருவர் 161 வகைகளைப் பதிவு செய்தார். பிறகு அந்தச் செடிகளையும் ஜல்லியையும் முழுவதும் அகற்றி, பாலத்தைச் சீரமைத்து, புதிய மண் இட்டு, பீட் ஔடால்ஃப் என்னும் தோட்டக்கலைஞரைக் கொண்டு பழைய காட்டுத்தோற்றத்தை நினைவூட்டும் புதிய நடவைச் செய்தார்கள். அழகானதுதான். ஆனால் முதல் இரண்டு பகுதிகளுக்கே 15 கோடி டாலருக்கு மேல் செலவானது. சுற்றியிருந்த வீட்டு விலைகள் ஏறின. அக்கம்பக்கத்து எளிய மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறிவிட்டோம் என்று ஹாமண்டே பின்னர் ஒப்புக்கொண்டார். நம் இரண்டு ஏக்கருக்கு அது அளவுகோல் ஆகாது.

பெர்லினில் உள்ள சுட்கெலண்டே பூங்கா நமக்கு நெருக்கமான பாடம். டெம்பெல்ஹோஃப் என்னும் மாபெரும் சரக்கு யார்டு 1952-இல் கைவிடப்பட்டது. நிலம் மேற்கு பெர்லினில் இருந்தது; ரயில் நிர்வாகமோ கிழக்கு ஜெர்மனியின் கையில் இருந்தது. அந்த இழுபறியில் எவரும் தொடாமல் கிடந்த தண்டவாளங்களுக்கு இடையே ஒரு காடு எழுந்தது. 1980-களில் அங்கே மறுபடியும் சரக்கு யார்டு கட்ட முனைந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு 18 ஹெக்டேர் பரப்பு இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 350-க்கும் மேற்பட்ட தாவர வகைகளையும் 95 வகைக் காட்டுத் தேனீக்களையும் அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய தண்டவாளங்களே நடைவழிகளாயின. மிக நுட்பமான பகுதியில் மனிதக் கால் தரையில் படாதபடி இரும்பு நடைமேடை ஒன்றைத் தரைக்கு மேலே அமைத்தார்கள். தேனீக்களும் வெட்டுக்கிளிகளும் வாழ வெயில் விழும் திறந்த புல்வெளி தேவை. அப்படியே விட்டால் மரங்கள் மூடிவிடும். ஆகவே ஒரு பகுதியில் புல் அறுத்துத் திறந்த வெளியைக் காக்கிறார்கள், மறுபகுதியைக் காடாக விடுகிறார்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்று முதலிலேயே தீர்மானித்ததுதான் அந்த இடத்தின் வெற்றி என்பது என் கருத்து.

நாஞ்சில் வாசகன் சொல்லும் நிலத்தை நான் ரயில் சன்னலிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். அந்த ஜல்லியின் மேல் ஆட்காட்டிக் குருவி நின்றதைக் கண்டேன். ஆட்காட்டி கூடு கட்டாது. கூழாங்கல்லும் ஜல்லியும் பரந்த வெட்டவெளியில், கல்லின் நிறத்திலேயே முட்டையிடும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதன் காலம். 'ஜல்லியை அகற்றிப் புல்தரை அமைக்க' என்று மனுவில் ஒரு வரி இருக்குமானால், அது அந்தப் பறவையை வெளியேற்றும் வரி.

வேலிக்கு இப்புறம்

அந்தப் புறச்சுவருக்கு இப்புறம் வசிப்பவள் நான். பறவைகளைப் பற்றிப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் சென்ற ஆவணியில் எங்கள் துணிதுவைக்கும் கல்லின் அடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்ததை என் மகள்தான் முதலில் கண்டாள். காடு வேண்டும் என்பவர்கள் அதன் ஓரத்தில் இரவு விளக்கில்லாமல் நடந்து பார்க்க வேண்டும். அந்தி சாய்ந்தால் அங்கே குடிப்பவர்கள் கூடுகிறார்கள். பெண்கள் அந்த வழியைத் தவிர்க்கிறோம். பூங்கா கேட்பதை ஆடம்பரமாக எண்ண வேண்டாம். அது எங்களுக்குப் பாதுகாப்பு.

கலுங்கு

வேலிக்கு இப்புறம் என்ற பெயரில் எழுதிய தங்கச்சியின் அச்சத்தை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பாதைப் பராமரிப்பில் கேங்மேனாகச் சேர்ந்து, பாதையை நடந்து சோதிக்கும் கீமேனாக ஓய்வு பெற்றவன். பாம்பின் நடுவிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறேன். பாம்பு புதரை விரும்புவதைவிட எலியை விரும்புகிறது. எலி வருவது கோழிக்கழிவுக்கும் சோற்றுக் குப்பைக்கும். உடைத்த செங்கலும் ஓடும் குவிந்த இடந்தான் விரியனுக்கு வசதியான பொந்து. அந்த இடிபாட்டுக் குவியலை அகற்றி, புறச்சுவரை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைக் கட்டையாக அறுத்து வைத்தால், அந்தப் பத்தடியைத் தாண்டிப் பாம்பு வருவது மிகவும் குறையும். வந்தாலும் கண்ணில் படும்.

இனி நிலத்தின் உரிமைக்கு வருவோம். தண்டவாளம் இல்லை என்பதால் அது புறம்போக்கு ஆகிவிடாது. ரயில்வே நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். பயன்படாத நிலத்தை வணிக முறையில் மேம்படுத்தி வருமானம் ஈட்டுவதற்கென்றே, 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியாக ரயில் நில மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. ஆகவே 'சும்மா கிடக்கிறது' என்று நாம் நினைக்கும் நிலம், ஏட்டில் விற்பனைக்கோ குத்தகைக்கோ உரிய சொத்தாக இருக்கலாம். திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரட்டைப் பாதைப் பணி வேறு நடக்கிறது. நாளை ஓர் இணைப்புப் பாதைக்குத் தேவை என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் நாம் கட்டிய நீரூற்றை இடித்துத்தான் போவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பாதையோரம் வளர்த்த மரப்பட்டைகள் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவிக்கப்பட்டதனால், பின்னாளில் ரயில்வே தன் நிலத்திலேயே ஒரு மரத்தை வெட்ட வனத்துறையின் அனுமதிக்குக் காத்திருக்க நேர்ந்தது. அதனால்தான் 'காடு' என்ற சொல்லைக் கண்டாலே அதிகாரிகள் பின்வாங்குகிறார்கள். மனுவில் 'காடு வளர்த்தல்' என்று எழுதாதீர்கள். 'புல் பராமரிப்பு, குப்பை அகற்றல், நீர்வழி காத்தல்' என்று எழுதுங்கள். தேவைப்படும்போது திரும்பப் பெறத்தக்க உரிமம் என்றால் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

மார்த்தாண்டத்தான் (சிங்கப்பூரிலிருந்து)

நான் வசிக்கும் ஊரிலும் இதே கேள்வி எழுந்தது. தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை, 1932 முதல் மலாயா ரயில் ஓடிய 24 கிலோமீட்டர் நிலம், 2011 ஜூலை 1 அன்று சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தது. வருவதற்கு முந்தைய ஆண்டே இங்குள்ள இயற்கைக் கழகம் அதைப் பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று முழுத் திட்டத்தை எழுதி முன்வைத்தது. நிலம் கைமாறும் நாளில் யாருடைய மேசையில் ஆயத்தமான தாள் இருக்கிறதோ, அவருடைய சொல்லே முதலில் கேட்கப்படுகிறது. இன்று நான் வாரம்தோறும் நடக்கும் அந்த வழியின் பெரும்பகுதி மண் தடமும் புல்லும் மரநிழலுமாகவே இருக்கிறது. புக்கிட் தீமாவின் பழைய இரும்புப் பாலங்களும் நிலையமும் பாதுகாக்கப்பட்டுள்ளன.

பெர்லினைவிட இந்த ஊர் நமக்கு உறவு என்பேன். இங்கும் இரு பருவக்காற்று, இங்கும் வெட்டினால் மறுமாதமே மூடிவிடும் கொடி. எவ்வளவு சட்டம் இருந்தும், 2021-இல் கிராஞ்சிப் பகுதியில் இந்தப் பாதையை ஒட்டிய மரக்கூட்டம் உரிய ஆய்வு முடியும் முன்னரே தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டது. எல்லைக்கல் நட்டு, எது தொடக்கூடாத பகுதி என்பதை வரைபடத்தில் நிறமிட்டுக் கொடுங்கள். புல்டோசர் ஓட்டுபவருக்குக் கவிதை புரியாது, நிறம் புரியும்.

பழையாற்றங்கரை

என் கருத்தை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். நீரூற்று வேண்டாம். ஆனால் அந்த இடத்தை இப்படியே விடுவதைவிட மியாவாக்கி முறையில் நெருக்கமாக நாட்டு மரங்களை நட்டால் மூன்றே ஆண்டில் அடர்வனம் கிடைக்குமே? பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரே நாளில் நட்டுவிடலாம்.

குளத்துக்கொக்கு

ஒரே நாளில் நடலாம். நிழற்படம் எடுப்பதும் எளிது. மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் வரை நெருக்கி நடுவார்கள். மரங்களை இழந்த வெறும் நிலத்துக்கு அது பயன்படலாம். ஆனால் இந்த நிலத்தின் செல்வம் வெயில். எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும், ஆவாரையில் முட்டையிடும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளும், வேலியில் ஈஸ்வரமூலிக் கொடி படர்ந்திருந்தால் அதை நம்பி வரும் சிவப்புடல் அழகி என்னும் பட்டாம்பூச்சியும், சூடேறிய ஜல்லியில் படுத்திருக்கும் அரணையும் அடர்நிழலில் வாழா. அடர்வனம் எழுந்தால் அவற்றுக்கு இடமில்லை. எருக்கை யாரும் நடுவதில்லை என்பதே அதன் துரதிர்ஷ்டம். பிள்ளையாருக்கு மாலை வேண்டும்போது மட்டும் தேடுகிறோம்.

வெட்ட வேண்டியது எது என்று கேட்டால், உன்னிச்செடியும் பார்த்தீனியமும். அதையும் ஒரே மூச்சில் செய்யக் கூடாது. உன்னிப்புதரில் இப்போது தவிட்டுக்குருவியும் செம்போத்தும் ஒதுங்கியிருக்கும். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக வேரோடு எடுத்து, அந்த இடத்தில் நொச்சியோ சூரைமுள்ளோ வந்த பின் அடுத்த பங்குக்குப் போக வேண்டும். மரம் வேண்டுமென்றால் தெருப்பக்கமாக ஒரு வரிசை புங்கும் பூவரசும் போதும். ஓடும் பாதையின் பக்கம் மரமே வேண்டாம். காற்றில் கிளை விழுந்தால் மறுநாளே மொத்தத்தையும் வெட்டிவிடுவார்கள்.

அந்தக் குழியைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது.

கலுங்கு

அது குளமன்று, மண் எடுத்த குழி. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இலும் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு 1981-இலும் பாதை திறந்தார்கள். மேடு போட மண் வேண்டுமல்லவா? பல இடங்களில் பாதையின் ஓரத்திலேயே தோண்டி மேட்டில் கொட்டினார்கள். தோண்டிய பள்ளங்கள் அப்படியே நின்று, மழைநீர் தேங்கி, அல்லியும் சம்பும் முளைத்து, நாற்பது ஆண்டுகளில் குளத்தின் குணத்தைப் பெற்றுவிட்டன. மேடு போட்டதால் தடைபட்ட நீர் மறுபக்கம் போவதற்கு மேட்டின் அடியில் கலுங்கு, அதாவது சிறு நீர்ப்பாலம், கட்டியிருப்பார்கள். உங்கள் குழியின் ஓரத்தில் நிச்சயமாக ஒரு கலுங்கு இருக்கும். குப்பை அடைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் பாதை நீரில் மூழ்கி, வெட்டுச்சரிவுகளில் மண் சரிந்து, ரயில்கள் நின்றதை எல்லாரும் கண்டோம். நீர் போகும் வழியை அடைத்து எந்தப் பூங்கா கட்டினாலும் முதல் ஐப்பசி மழையில் அது வீட்டுக்குள் வரும். குழியைத் தூர்த்து அதன் மேல் உடற்பயிற்சிக் கருவியை நிறுத்துவது என்று மனுவில் இருந்தால், உங்கள் தெருவுக்கே அது வினை.

குளத்துக்கொக்கு

கலுங்கு ஐயாவுக்கு நன்றி. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பெரிய குளங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அவற்றுக்கு இடையே கிடக்கும் இத்தகைய சிறு குழிகளுக்குப் பெயரே இல்லை. கானாங்கோழிக்கும் மீன்கொத்திக்கும் தவளைக்கும் அவை வழியிடை மடங்கள்.

ரயில் நிலமும் நீர்நிலையும் சேர்ந்த இடத்துக்கு அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றத்தின் பின்புறம், 1902-இல் ரயில் வந்த பழைய நிலையத்தின் சரக்கு யார்டை ஒட்டி மங்களவனம் இருக்கிறது. மொத்தமே 2.74 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கருக்கும் குறைவு. காயல் நீர் ஒரு கால்வாய் வழியாக ஏறி இறங்கும் சதுப்பும் கண்டல் மரங்களும் உள்ள அந்தச் சிறு இடத்தில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. 2004-இல் அது பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் நகரம் எழுந்தபோது, கைவிடப்பட்ட யார்டின் அமைதி அதற்கு ஒரு வேலியாக நின்றது என்றே நான் எண்ணுகிறேன்.

அளவு சிறிது என்று தயங்குபவர்களுக்கு லண்டனின் கேம்லி தெருவையும் சொல்ல வேண்டும். கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் பின்னால், கால்வாய்க் கரையில் நிலக்கரி இறக்கிய யார்டு அது. உங்கள் நிலத்தைப் போலவே சுமார் இரண்டு ஏக்கர். 1985-இல் குளம் வெட்டி இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள்; நகரப் பள்ளிப் பிள்ளைகள் வலையும் தட்டும் கொண்டு நீர்ப்பூச்சி பிடித்துப் பார்த்துத் திரும்ப விடும் இடமாக அது ஆயிற்று. நமக்குக் குளம் வெட்டும் செலவே இல்லை.

புல்லுக்கட்டு

இங்கே எவரும் குறிப்பிடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நிலத்துக்கு வருபவர்கள் குடிகாரர்களும் குப்பை கொட்டுபவர்களும் மட்டுமல்லர். என் அம்மாவும் இன்னும் நான்கைந்து பெண்களும் ஆண்டு முழுவதும் அங்கே பசுவுக்குப் புல் அறுக்கிறார்கள். எங்களுக்குச் சொந்த வயல் இல்லை. வாழைக்கும் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் போனது போக மிச்சமிருக்கும் புல் அதுதான். பூங்கா வந்தால் வேலி வரும், வேலி வந்தால் காவலர் வருவார், காவலர் முதலில் தடுப்பது அரிவாளோடு வரும் என் அம்மாவைத்தான். பெர்லினில் கூலி கொடுத்துப் புல் அறுக்கிறார்களோ என்னவோ, இங்கே கூலி கேட்காமல் அறுக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம் என்று ஐயா சொன்ன பிறகு இதை எழுதவே அச்சமாக இருக்கிறது.

கலுங்கு

மக்களே, அஞ்ச வேண்டாம். பணியாளர்களுக்கே உணவுப் பயிர் வளர்க்கக் காலி நிலத்தை உரிமத்தில் கொடுத்து வந்த துறை அது. புல் அறுக்கும் உரிமையைப் பெயர் சொல்லி மனுவில் சேர்த்தால் உன் அம்மா குற்றவாளி ஆகமாட்டார், பராமரிப்பாளர் ஆவார்.

வேலிக்கு இப்புறம்

அந்தப் பெண்களை எனக்குத் தெரியும். விரியனைக் கண்ட அன்று அதைத் துரத்தியவரும் அவர்களுள் ஒருவரே. அவர்கள் இருக்கும் காலை வேளையில் நாங்கள் அச்சமின்றி அந்த வழியில் நடக்கிறோம் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். விளக்கைப் பற்றிய என் கோரிக்கை மட்டும் நிற்கிறது.

குளத்துக்கொக்கு

விளக்கு தெருவோரத்தில் மட்டும், தரையை நோக்கிக் கவிந்ததாக, மஞ்சள் ஒளியில் இருக்கட்டும், அக்கா. உள்ளே விளக்கு வேண்டாம். ஆறு மணிக்கு வாயிலை அடைத்துவிடலாம். வெளவாலுக்கும் விட்டிலுக்கும் இருட்டு கிடைக்கும், உங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும்.

பிள்ளைகளை முன்னிட்டு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பக்கப்பாதை கிடந்த மண்ணில் எண்ணெய்க் கசிவும் களைக்கொல்லியும் தங்கியிருக்கலாம். வழக்கமான மண்வள அட்டைப் பரிசோதனை சத்துகளைச் சொல்லுமே தவிர, ஈயத்தையும் ஆர்செனிக்கையும் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை கேட்க வேண்டும். அதன் முடிவு வரும் வரை ஜல்லிப் பரப்பில் கீரையோ காய்கறியோ வேண்டாம், அங்கே புல் அறுப்பதும் வேண்டாம். பழைய மரஸ்லீப்பர் கிடைத்தால் அழகாக இருக்கிறதென்று பெஞ்சு செய்துவிடாதீர்கள். மரம் மக்காமலிருக்க அதில் ஏற்றிய கிரியோசோட் எண்ணெய் தோலுக்கு ஆகாது.

நாஞ்சில் வாசகன்

மனுவைத் திருத்தி எழுதினேன். நீரூற்றும் கருவிகளும் போயின. கீழ்க்கோடிக் குழியும் அதைச் சுற்றி இருபதடியும் தொடாப் பகுதி என்று சிவப்பு நிறத்தில். நடுவிலுள்ள ஜல்லிப் பரப்பு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நுழையாப் பகுதி என்று மஞ்சள் நிறத்தில். புறச்சுவரை ஒட்டிய பத்தடியும் மேற்குப் புல்வெளியும் புல் அறுக்கும் பகுதி என்று பச்சை நிறத்தில். தெருப்பக்கம் ஒரு மரவரிசை, அதன் நிழலில் நான்கு கல் பெஞ்சு, ஒரு வாயில், கவிந்த விளக்குகள். மண் சோதனையும் கலுங்கைத் தூர்வாருதலும் முதல் வேலை. 'காடு' என்ற சொல் எங்கும் இல்லை. சங்கத்தில் இரண்டு பேர் இன்னும் நீரூற்று கேட்கிறார்கள். குழியில் அல்லி பூத்திருக்கும் படத்தைக் காட்டினேன், பதில் வரவில்லை.

மனுவோடு இணைப்பதற்கு அங்கே என்னென்ன வாழ்கின்றன என்ற பட்டியல் வேண்டும். வரும் ஞாயிறு வரக்கூடியவர்கள் தெரிவிக்கவும்.

கலுங்கு

வருகிறேன். அனுமதி கிடைக்கும் வரை யாரும் நிலத்துக்குள் இறங்க வேண்டாம். தங்கச்சி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் குழி வரை தெரியும் என்று நினைக்கிறேன்.

வேலிக்கு இப்புறம்

தெரியும். காலை ஆறரைக்கு வாருங்கள், கட்டன்சாயா இருக்கும். புல்லுக்கட்டு, அம்மாவையும் அழைத்து வா. எந்தப் புல் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.